‘எர்த்’ என்றால் எந்த மண்?

“கிரைண்டரைத் தொடாதே, எர்த் அடிக்குது!”

இந்த எச்சரிக்கை ஒலிக்காத வீடு நம் பக்கத்தில் அரிது. எட்டயபுரத்திலும் கேட்கலாம், கோவில்பட்டியிலும் கேட்கலாம். குளிர்பெட்டியின் கைப்பிடியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று ஏதோ குத்துகிறது. “எர்த் அடிக்குது” என்று சொல்லிவிட்டுக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம்.

எங்கள் கல்லூரியில் தமிழ்வழி மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தும்போது ஒரு நாள் இதைப் பற்றிக் கேட்டேன். “எர்த் அடிப்பது என்றால் என்ன?” “மண்ணுக்குள்ளிருந்து கரண்ட் ஏறி வருகிறது, சார்” என்றான் ஒருவன். இன்னொருவன் எழுந்து, “வேதியியலில் காரமண் உலோகம் என்று படிக்கிறோமே, அந்த மண்ணும் இந்த எர்த்தும் ஒன்றுதானா, சார்?” என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் மாணவனின் விடையோ முற்றிலும் தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. இரண்டையும் இங்கே விளக்கிப் பார்ப்போம்.

ஒரு சொல், பல வேடம்

எர்த் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் மண், தரை என்பதே. நாம் வாழும் கோளுக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஏனைய கோள்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் உரோம, கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள். நம் கோளுக்கு மட்டும் காலடி மண்ணின் பெயர். தமிழிலும் இவ்வழக்கம் உண்டு. ‘மண்ணுலகம்’ என்கிறோம், பிறந்த நாட்டைப் ‘பிறந்த மண்’ என்கிறோம். ஆனால் தமிழில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சொல்லும் கைவசம் இருக்கிறது. உழுவது நிலம், படுப்பது தரை, அள்ளுவது மண், சூரியனைச் சுற்றுவது புவி. ஆங்கிலேயருக்கு இவை பலவற்றுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.

அதன் உடன்பிறப்பான கிரவுண்டு என்னும் சொல்லும் நம் ஊருக்கு வந்து பல வேடம் போடுகிறது. பையன்களுக்கு அது விளையாட்டு மைதானம். சென்னையில் வீட்டுமனை வாங்குபவருக்கு அது 2,400 சதுர அடி; 18 கிரவுண்டுக்குச் சற்று மேல் சேர்ந்தால் ஓர் ஏக்கர். நம் கரிசல் பக்கத்தில் இந்த அளவை எடுபடவில்லை. இங்கே ஏக்கரும் சென்ட்டும்தான். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கடலைக்கும் ஆங்கிலத்தில் கிரவுண்டு என்றே பெயர் தொடங்குகிறது; நாமும் நிலக்கடலை என்கிறோம். மேலே பூத்து மண்ணுக்குள் காய்க்கும் செடிக்கு இரண்டு மொழியினரும் ஒரே பெயரைத் தேர்ந்திருப்பது வியப்பன்று. அமெரிக்காவில் மின் தொழிலாளர்கள் எர்த் என்பதற்குப் பதிலாகக் கிரவுண்டு என்றே சொல்கிறார்கள். நாம் ஆங்கிலேயரிடம் மின்சாரத்தைக் கற்றதால் எர்த் என்கிறோம்.

வேதியியலார் கண்ட மண்

இப்போது காரமண்ணுக்கு வருவோம். பழைய வேதியியலார், நீரில் எளிதில் கரையாத, நெருப்பிலிட்டாலும் உருகாத, மாறாத பொருள்களை ‘எர்த்’ என்று அழைத்தனர். சுண்ணாம்பு, மக்னீசியா, பேரைட்டா, அலுமினா, சிலிக்கா ஆகிய ஐந்தையும் 1789இல் லவாசியே தம் தனிமப் பட்டியலில் ‘மண்’ வகையாகச் சேர்த்தார். ஆனாலும் இவை உண்மையில் தனிமங்களாக இல்லாமல், ஆக்சிஜனோடு கூடிய உலோகங்களாக இருக்கலாம் என்னும் ஐயம் அவருக்கே இருந்தது. அந்த ஐயம் சரி என்பதை 1808இல் ஹம்பிரி டேவி மெய்ப்பித்தார். மின்னோட்டத்தைச் செலுத்திக் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், மக்னீசியம் ஆகிய உலோகங்களை அவற்றின் ‘மண்’களிலிருந்து பிரித்தெடுத்தார். காரத்தன்மையும் மண்தன்மையும் கொண்ட ஆக்சைடுகளிலிருந்து பிறந்தவை ஆதலால் அவை காரமண் உலோகங்கள் ஆயின. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதான் அந்த ‘மண்’. வயல் மண்ணுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

அருமண் என்பதும் இப்படிப்பட்டதே. சுவீடனில் இட்டர்பி என்னும் ஊர்ச் சுரங்கத்தில் 1787இல் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லை 1794இல் ஆராய்ந்த கடோலின், அதில் புதியதொரு ‘மண்’ இருப்பதைக் கண்டார். அன்று அரிதாகக் கிடைத்ததால் அருமண் என்று பெயர் நிலைத்தது. உண்மையில் அவற்றுள் சில அத்தனை அரியவை அல்ல. சீரியம் புவியோட்டில் ஏறக்குறையச் செம்பு அளவுக்கு இருக்கிறது. நமக்கு இதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் அருமண் தனிமங்களும் தோரியமும் இருக்கின்றன. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் உள்ள சிறு காந்தம் நியோடிமியம் என்னும் அருமண் உலோகம் சேர்ந்தது. கேள்வி கேட்ட மாணவனுக்கு விடை இதுதான்: இரண்டும் ஒரே சொல், பொருள் வேறு.

மின்சாரம் தேடும் மண்

மூன்றாவது பொருள், மின்சாரத்தின் எர்த். இதில் மட்டும் பொருள் மாறவில்லை. இங்கே எர்த் என்றால் நம் காலடியில் கிடக்கும் அசல் மண்ணேதான்.

1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்னும் அறிஞர் தந்தி அனுப்பும் சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். மின்னோட்டம் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி என இரண்டு வேண்டும் என்றே அதுவரை எண்ணியிருந்தனர். திரும்பி வரும் கம்பியை எடுத்துவிட்டு, இரு முனையிலும் உலோகத் தகட்டைப் புதைத்தாலே தந்தி வேலை செய்கிறது என்று அவர் கண்டார். மண்ணே இரண்டாவது கம்பியாக நின்றது.

உங்கள் தெருவிலுள்ள மின்மாற்றியிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. அதன் நியூட்ரல் முனை மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே மின்சாரம் ‘மண்ணுக்குள் போய் மறைகிறது’ என்பது சரியன்று. மண்ணின் வழியாக மின்மாற்றிக்குத் திரும்பவே அது பாதை தேடுகிறது. கிரைண்டரின் உள்ளே மோட்டார்ச் சுருளின் காப்பு நைந்து, உயிருள்ள கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். அந்த உடல் இப்போது 230 வோல்ட்டில் நிற்கிறது. ஈரத் தரையில் நின்று அதை நீங்கள் தொட்டால், மின்மாற்றிக்குத் திரும்பும் பாதை உங்கள் உடல் வழியாக முழுமை பெறுகிறது.

ஆகவே ‘எர்த் அடிக்கிறது’ என்பது தலைகீழான பேச்சு. அடிப்பது எர்த் அன்று. எர்த் இல்லாததே அடிக்கிறது. கம்பி செய்ய வேண்டிய வேலையை உங்கள் உடல் செய்கிறது.

ஈரக் கையும் ஈரக் காலுமாக இருப்பவரின் உடல் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டும்போது தசை இறுகிப் பிடித்த கையை விட முடியாமற் போகும். முப்பதுக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. வீட்டில் உள்ள 15 ஆம்பியர் உருகியோ இந்த 0.23 ஆம்பியரைப் பொருட்படுத்தவே செய்யாது. அது கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. மனிதரைக் காப்பதற்காக அன்று.

இங்கேதான் மூன்று முனைச் செருகியின் பெரிய முனைக்கு வேலை வருகிறது. அது உலோக உடலைப் பச்சைக் கம்பி மூலம் வீட்டுப் புறத்தேயுள்ள எர்த் குழியோடு இணைக்கிறது. குழியின் தடை 4 ஓம், மின்மாற்றியின் எர்த் தடை 1 ஓம் எனக் கொள்ளுங்கள். கம்பி உடலைத் தொட்ட அக்கணமே 230ஐ 5ஆல் வகுத்த 46 ஆம்பியர் பாயும். 15 ஆம்பியர் உருகி உடனே உருகி அறுந்துவிடும். நீங்கள் தொடுவதற்கு முன்பே ஆபத்து நீங்கிவிடுகிறது.

அந்த முனை மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் தொடுகிறது. பிடுங்கும்போது கடைசியில் விலகுகிறது. தடிமனாக இருப்பதால் தவறியும் வேறு துளைக்குள் நுழையாது.

கரிசலின் கணக்கு

மேலே குழியின் தடையை 4 ஓம் என்று கொண்டோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது? அது மண்ணைப் பொறுத்தது. எர்த் அமைப்புக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 3043 ஆகும். இரும்புக் குழாய் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமும் 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் இருக்க வேண்டும் என்கிறது அது. அத்தகைய குழாய்க்குக் கணக்கிட்டால், அதன் எர்த் தடை மண்ணின் தடை எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரும். ஈரக் களிமண்ணின் தடை எண் 10 ஓம்-மீட்டர் என்றால் குழியின் தடை மூன்றரை ஓம். சரளை கலந்த மண் 100 என்றால் 35 ஓம். உலர்ந்த மணலும் பாறையும் 1,000 என்றால் 350 ஓம்.

ஈரமான கரிசல் களிமண் இவ்வகையில் செல்வம் என்றே சொல்லலாம். நீர் பிடித்து வைக்கும். கரைந்த உப்புகளின் அயனிகள் அதில் தாராளமாக நடமாடும். மானாவாரிப் பயிருக்கு மழையைப் பார்த்துக் காத்திருக்கும் இந்தப் பூமி, எர்த் குழிக்கு மட்டும் மற்ற ஊர்கள் பொறாமைப்படத்தக்க மண்ணைத் தந்திருக்கிறது. பாறை நிலங்களில் எர்த் தடையைக் குறைக்க இன்று பெண்டோனைட் என்னும் களிமண்ணை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டுகிறார்கள். பெண்டோனைட்டில் மிகுந்திருப்பது மான்ட்மோரிலோனைட் என்னும் கனிமம். நம் கரிசலின் களியும் அதே கனிமக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் இதே கனிமம்தான் நம்மை ஏமாற்றவும் செய்கிறது. இதன் படலங்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஐப்பசி மழையில் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் உப்புகிறது. பங்குனி, சித்திரையில் நீர் வெளியேறி மண் சுருங்குகிறது. சுருங்கிய மண் பிளந்து வெடிப்பு விடுகிறது. வீட்டுச் சுவர் கீறுவதும் கன்றுக்குட்டியின் கால் வெடிப்பில் சிக்குவதும் நமக்குப் புதியவை அல்ல. எர்த் குழாயைச் சுற்றியும் அதேதான் நடக்கிறது.

அதனால் என்ன, சுற்றிலும் உலகமே மண்தானே என்று கேட்கலாம். ஒரு வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் வெங்காயத் தோல்கள் போன்ற அடுக்குகளைக் கடந்து வெளியே போகிறது. உள் தோல் சிறியது. அங்கே நெருக்கடி மிகுதி, தடையும் மிகுதி. வெளியே போகப்போகத் தோலின் பரப்பு பெருகுகிறது. தடை குறைந்துகொண்டே போகிறது. எளிய கணக்குக்காகக் குழாய்க்குப் பதில் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஓர் அரைக்கோளச் சட்டியைப் புதைத்ததாகக் கொண்டால், மொத்தத் தடையில் பாதி, சட்டியை ஒட்டிய முதல் 10 சென்டிமீட்டர் மண்ணிலேயே முடிந்துவிடுகிறது. சட்டியின் மையத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் பத்தில் ஒன்பது பங்கு முடிகிறது. அங்கிருந்து இமயமலை வரையுள்ள மண் முழுவதற்கும் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு!

எனவே எர்த் என்று நாம் நம்பியிருப்பது உலக உருண்டையை அன்று. குழாயை ஒட்டிய கையகல மண்ணை. கரிசல் வெடிக்கும்போது முதலில் விலகுவது அந்தக் கையகல மண்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதம். எட்டயபுரத்தை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டில் கிரைண்டர் பல நாளாகச் சுருக்கென்று குத்திக்கொண்டிருந்தது. மின் வேலை தெரிந்த ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். அவர் 60 வாட் குமிழ் விளக்கு ஒன்றை உயிர்க்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே இணைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. “எர்த் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் நம்பினேன்.

நான்கு நாள் கழித்து, மாவு வழிக்கும்போது அம்மாவின் கை கிரைண்டரின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. கத்தக்கூட அவர்களால் முடியவில்லை. காலில் செருப்பு இருந்தது. ஆனால் செருப்பும் தரையும் நனைந்திருந்தன. தம்பி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான். அம்மா பிழைத்துக்கொண்டார்கள். விரல் நுனியில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

மறுநாள் எர்த் குழியைத் திறந்து பார்த்தேன். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. எர்த் டெஸ்டர் என்னும் அளவியை வாங்கி வந்து வைத்துப் பார்த்தபோது முள் 50 ஓமில் நின்றது.

அப்படியானால் விளக்கு எப்படி எரிந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் குமிழ் எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அதனோடு 50 ஓம் சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்? 230 வோல்ட்டில் சுமார் 12 வோல்ட்டை மட்டும் மண் எடுத்துக்கொள்ளும். மீதி விளக்குக்குப் போகும். விளக்குக்குத் தேவை கால் ஆம்பியர். உருகியை உருக்கத் தேவையோ பல பத்து ஆம்பியர். அந்தக் குழியால் முன்னதைத் தர முடியும். பின்னதைத் தர முடியாது. 230ஐ 51ஆல் வகுத்தால் நாலரை ஆம்பியர்தான். உருகி அசையாது, கிரைண்டரின் உடல் 225 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும். இதற்கிடையே மணிக்கு ஒரு யூனிட் வீதம் மின்சாரம் மண்ணைச் சூடாக்கி, இருக்கும் ஈரத்தையும் உலர்த்திக்கொண்டிருக்கும்.

ஓம் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன் நான். என் வீட்டுக் குழியில் அதைப் போட்டுப் பார்க்க எனக்கு அதுவரை தோன்றவில்லை. வெடிப்பில் குழைத்த மண்ணை நிரப்பி, நாள்தோறும் தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரம் கழித்து அளந்தபோது தடை 5 ஓமுக்குக் கீழே வந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, உலோக உடலுள்ள எந்தக் கருவிக்கும் மூன்று முனைச் செருகியே இருக்கட்டும். பெரிய முனையை வெட்டிவிட்டு இரண்டு துளையில் செருகுவது, கருவியின் பாதுகாப்பை வெட்டி எறிவதேயாகும். எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துச் ‘சமாளிக்கும்’ வழக்கமும் சில இடங்களில் உண்டு. நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், அந்த இணைப்பே கருவியின் உடலுக்கு 230 வோல்ட்டைக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது, எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் அதன்மேல் சிமெண்டுத் தளம் போட்டு மூடிவிட்டார்கள். குழியில் கரியும் உப்பும் இடுவது ஈரத்தையும் அயனியையும் நிலைநிறுத்தவே. உப்பு நாளடைவில் குழாயை அரிக்கும். ஆகவே ‘ஒருமுறை போட்டால் போதும்’ என்று இருந்துவிடக் கூடாது. மாசி பிறந்தவுடன் வாரம் ஒருமுறையாவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கோடை தொடங்கும்முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் டெஸ்டரால் அளக்கச் செய்யுங்கள். குமிழ் விளக்குச் சோதனையை நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று இது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். எங்கள் வீட்டுக் குழி 50 ஓமில் நின்ற நிலையிலும் கசிந்தது நாலரை ஆம்பியர். இக்கருவிக்கு வேண்டிய அளவைப் போல் 150 மடங்கு. அது அன்று இருந்திருந்தால் அம்மா கை வைக்கும்முன்பே மின்சாரம் நின்றிருக்கும். ஆனால் இதை வைத்துவிட்டோம் என்று எர்த்தைக் கைவிடலாகாது. எர்த் அறவே இல்லையென்றால், யாராவது தொட்டு அவர் உடல் வழியாகக் கசிந்த பிறகே இது விழித்துக்கொள்ளும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

யாரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

இனி உங்கள் வீட்டில் யாராவது “எர்த் அடிக்குது” என்றால் “இல்லை, எர்த் இல்லை” என்று திருத்துங்கள். திருத்திவிட்டுச் செருப்பைத் தேடாமல், அந்தக் கருவியைச் செருகியிலிருந்து கழற்றி வையுங்கள். பிறகு கொல்லைப்புறத்துக்குப் போய்க் குழாயைச் சுற்றியுள்ள மண்ணைப் பாருங்கள். வெடித்திருந்தால் மின்பணியாளருக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒரு குடம் தண்ணீரையும் இன்றே ஊற்றிவிடுங்கள்.